பாறைக்குள் தங்கிய கண்கள்

டிரைலோபைட் புதைபடிவம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், முதலில் அதன் கண்ணைத்தான் கவனிக்க வேண்டும் என்பேன். ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் இறுதியில் அடியோடு அழிந்துபோன இந்தக் கணுக்காலிகளின் கண்வில்லைகள் கால்சைட் என்னும் கனிமத்தால் ஆனவை. அதனால்தான் மென்மையான உறுப்புகள் மட்கிய பிறகும் அவை பாறையில் தங்கியிருக்கின்றன.

மொராக்கோவில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழைமையான டெவோனியன் காலப் பாறைகளில் கிடைத்த எர்பெனோகைல் என்னும் டிரைலோபைட்டின் கண்கள் இரு கோபுரங்களைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெடுவரிசைகளில் அடுக்கப்பட்டிருக்க, மேலிருந்து விழும் ஒளியை மறைக்கும் விளிம்பு ஒன்று உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் எட்டாத ஆழத்தில் இத்தகைய மறைப்புக்கு வேலையே இல்லை என்பதால், அது பகலொளி புகுந்த கடலடியில் வாழ்ந்தது என்று ஆய்வாளர்கள் கொள்வது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. கண்ணே இல்லாத இனங்களும் உண்டு. ஆனால் இருண்ட ஆழத்தில் வாழ்ந்தவற்றைப் போலவே சேற்றுக்குள் புதைந்து வாழ்ந்தவையும் பார்வையை இழந்திருக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து ஆழத்தைக் கணிப்பது அவசரம்.

நியூயார்க் மாநிலத்தில் கிடைக்கும் டிரையார்த்ரஸ் என்னும் இன்னொரு டிரைலோபைட்டின் கதை வேறு. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் திடீரெனப் புதையுண்ட அதன் உணர்கொம்புகளும் கால்களும், பைரைட் என்னும் பொன்னிற இரும்புக் கனிமமாக மாறி அப்படியே எஞ்சியுள்ளன.

டிரைலோபைட்டுகள் பழங்காலக் கடல்களின் எல்லைகளையும் காட்டுகின்றன. டிரைலோபைட்டுகள் முதலில் தோன்றிய கேம்பிரியன் காலத்தைச் சேர்ந்த, வடமேற்கு ஸ்காட்லாந்தின் ஓலெனெல்லஸ் என்னும் டிரைலோபைட் வகைகள் தொலைவிலுள்ள வட அமெரிக்க வகைகளை ஒத்திருக்க, பக்கத்து வேல்ஸில் கிடைப்பவை வேறாக இருப்பதற்குக் காரணம், அன்று இவ்விரு நிலங்களுக்கும் இடையே விரிந்திருந்து பின்னர் மூடிப்போன ஐயாபெடஸ் பெருங்கடல்தான்.