குப்புறப் படுத்த நாட்கள்

பிப்ரவரி 9

மணிக்கு ஐம்பது நிமிடம் குப்புற. மீதிப் பத்து நிமிடம் எழுந்து உட்காரலாம், அப்போதும் தலை குனிந்தபடிதான். போனைத் தரையில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லிச் சொல்லி இதைப் பதிகிறேன். திரையில் என்ன விழுகிறது என்று தெரியவில்லை. வலது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறிக் கண். அதற்கு எழுத்து வெறும் கறுப்புக் கோடு.

இடது கண்ணின் விழித்திரை, அதாவது ரெட்டினா, விலகிவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது மிதந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்கத்தான் இந்தக் குப்புறப் படுக்கை. பெர்ஃப்ளூரோபுரொப்பேன். இது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, மலைக்குப் போகக்கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறிவிடுமாம். கையில் ஒரு பட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள். வேறு ஏதாவது அவசரத்தில் எனக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், சிரிப்பூட்டும் வாயு கொடுத்துவிடக் கூடாதே, அதற்காக.

பிப்ரவரி 10

அக்கா வந்துவிட்டாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு செய்தித்தாளை எடுத்தாள். தலைப்பு, முதல் பத்தி, அடுத்த தலைப்பு என்று போய்க்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் மூச்சை இழுத்து நிறுத்தினாள். தாள் திரும்பும் சத்தம். அப்புறம் விளையாட்டுச் செய்தி.

“என்னக்கா விட்டே?”

“ஒண்ணுமில்லடா, விளம்பரம்.”

விளம்பரத்துக்கு யாரும் மூச்சை இழுப்பதில்லை.

பிப்ரவரி 11

கழுத்து. வேறு எதுவும் சொல்வதற்கில்லை.

பிப்ரவரி 13

ரெட்டினாவை நினைத்துக்கொண்டே கிடக்கிறேன். வேறு எதை நினைக்க?

அது கண்ணில் இருக்கிறதே தவிர, பிறப்பால் மூளையின் துண்டு. கருவில் மூளையிலிருந்து புடைத்துக் கிளம்பும் பகுதிதான் பிறகு விழித்திரையாகிறது. அரை மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத சவ்வு. அதற்குள் வெளிச்சத்தை வாங்கும் சுமார் 12 கோடி கோல் செல்கள், 60 லட்சம் கூம்பு செல்கள். இவற்றுக்கு உணவும் ஆக்சிஜனும் பின்னாலிருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து வருகின்றன. சவ்வு கிழிந்து, கிழிசல் வழியாக நீர் புகுந்து, பின்சுவரை விட்டு உரிந்து எழுந்தால் செல்கள் பட்டினி கிடக்கும். வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கும், வாங்குவதற்கு ஆள் இருக்காது.

நடுவில் ஒரு சின்ன இடம், மாக்குலா. படிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் அந்த இடத்தால்தான். விலகல் அதை எட்டும் முன் ஒட்டிவிட்டால் பழைய பார்வைக்கு வாய்ப்பு அதிகம். எட்டிவிட்டால் ஓரளவு திரும்பும், முழுக்கத் திரும்பும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் விஷயத்தில் “விளிம்பு வரைக்கும் வந்திருந்துச்சு” என்றார் டாக்டர். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கேட்பதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நூறு வருடத்துக்குமுன் இது வந்திருந்தால் கதை முடிந்தது. அப்போது படுக்கையில் அசையாமல் கிடக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் பலன் இருக்காது. லொசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனின்தான் கிழிசலைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தைச் சுட்டு அடைத்தால் விழித்திரை திரும்ப ஒட்டும் என்று 1920களில் செய்து காட்டினார். உலகம் அவரை நம்பவே வருடங்கள் ஆயின. இன்று லேசர், உறைய வைக்கும் முறை, வாயு என்று கருவிகள் மாறிவிட்டன. கிழிசலை அடை என்பது மட்டும் அவர் சொன்னதுதான். முகம் தெரியாத அந்த மனிதருக்குத் தரையைப் பார்த்தபடியே கும்பிடு போட்டேன்.

பிப்ரவரி 15

இன்றும் தாண்டினாள். நான்காம் பக்கத்திலிருந்து நேரே ஏழு.

ஆங்கிலக் கவிஞர் மில்டனின் மகள்கள் நினைவுக்கு வந்தார்கள். 1652 வாக்கில் அவருக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. தன் பெரிய காவியத்தை வாயால் சொல்லித்தான் எழுத வைத்தார். ஹீப்ரு, கிரேக்கம், லத்தீன் நூல்களை உச்சரிக்க மட்டும் மகள்களைப் பழக்கினாராம், பொருள் தெரியாமலே. அவருடைய சகோதரி மகன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இது இருக்கிறது. நேற்றுவரை எனக்கு இது ஒரு கொடுமைக்கார அப்பனின் கதை. அந்தப் பெண்கள் பக்கம் பக்கமாக, ஒன்றும் புரியாத சத்தத்தை வாயிலிருந்து இறக்கி வைத்ததை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. கூடவே இன்னொன்றும் தோன்றுகிறது: புரியாத வாசகருக்கு எதைத் தாண்டுவது என்று தெரியாது. புரிகிறவர்தான் தாண்டுவார், அதுவும் அன்பிருந்தால் கட்டாயம் தாண்டுவார்.

பிப்ரவரி 16

ராத்திரி முழுக்க வெளிச்சக் கீற்றுகள். காலையில் போன் செய்து கேட்டோம். இப்போதைக்கு வர வேண்டாமாம்.

பிப்ரவரி 18

அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

“செத்துப்போன குழந்தைங்க போட்டோ போட்டிருக்கான்டா. உனக்கு எதுக்கு இப்ப இது? அழுதா கண்ணுக்கு ஆகுமா?”

“எனக்கு வேணும்க்கா. நீ படி.”

படித்தாள். ஊர்ப் பெயர்களில் குரல் தட்டுத் தடுமாறியது. முடித்ததும் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றாள். போர்ச் செய்தியை நானே படித்தபோதெல்லாம் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன். காதால் கேட்கும்போது அப்படி ஓட முடியவில்லை. வாசிப்பவரின் வேகம்தான்.

மத்தியானம் வேறு யோசனை. பார்வை இல்லாதவர் எப்படி ஓட்டுப் போடுகிறார்? தேர்தல் நடத்தை விதி 49-N ஒரு துணையாளை உள்ளே அழைத்துப்போக அனுமதிக்கிறது. துணையாளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரே நாளில் இரண்டு பேருக்குத் துணை போகக்கூடாது, யாருக்குப் போட்டோம் என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ரகசியத்தை இன்னொருவர் காப்பாற்றுவார் என்பதும், ரகசியம் என்னிடமே இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. 1856இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் அச்சடித்த சீட்டில் ரகசிய வாக்கைக் கொண்டுவந்ததே, முதலாளியோ நிலக்காரனோ அப்பனோ பக்கத்தில் நின்று பார்க்கக்கூடாது என்பதற்காகத்தானே?

வாக்குப்பதிவு எந்திரத்தில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெயில் எண்கள் உண்டு. கேட்டால் வேட்பாளர் பட்டியலை பிரெயிலில் தருவார்கள். விரலால் தடவி, எண்ணைக் கண்டுபிடித்து, தனியாக அழுத்தலாம். அது பிரெயில் தெரிந்தவருக்கு. நடுவயதில் பார்வை போனவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? இது சலுகை விஷயமே இல்லை. கட்சிகள் எதுவும் இதை மேடையில் பேசி நான் கேட்டதில்லை. கோபமாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

பிப்ரவரி 20

நிமிரலாம் என்று சொல்லிவிட்டார்கள்! வீட்டுச் சுவரைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று தெரியாது.

பிப்ரவரி 24

பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு கோடு வந்திருக்கிறது. தலையை ஆட்டினால் ஆடுகிறது, நிறுத்தினால் சமமாகிறது. கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி. கோட்டுக்கு மேலே மட்டும் உலகம் தெளிவாக இருக்கிறது: டியூப்லைட், மின்விசிறியின் இறக்கை, ஒட்டடை. கீழே எல்லாம் வெள்ளி நிறக் கலங்கல்.

வாயு மேலே மிதக்கும், நீர் கீழே சேரும். அப்படியானால் தெளிவு கீழேதானே தெரிய வேண்டும்? இல்லை. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று கெப்ளர் 1604இல் எழுதினார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்ளர். புத்தகத்தில் படித்தபோது அது ஒரு தகவல். இன்று என் கண்ணுக்குள் கீழே தேங்கும் நீரை நான் மேலே பார்க்கிறேன். வாயு கரையக் கரையக் கோடு இறங்கும். நடுவுக்கு வரும்போது தெரிந்துவிடும்.

பிப்ரவரி 25

இறங்கவில்லை.

பிப்ரவரி 26

இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா.

மார்ச் 1

பிரெயில் தகடும் ஊசியும் வரவழைத்திருக்கிறேன். அக்கா முகம் சுண்டிவிட்டது. “கண்ணு வரும்னு நம்பிக்கை இல்லையா உனக்கு?” நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை தரம் சொல்வது.

ஆறு புள்ளிகள், இரண்டு வரிசை. இடது மேல் புள்ளி மட்டும் இருந்தால் ‘அ’. அதோடு இடது கீழ்ப் புள்ளி சேர்ந்தால் ‘க’. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் வகுத்த பாரதி பிரெயிலில் தமிழ் ‘க’வுக்கும் வங்காள ‘க’வுக்கும் ஒரே புள்ளிகள்தான். கண்ணுக்கு இவ்வளவு வேறாகத் தெரியும் எழுத்துகள் விரலுக்கு ஒன்றாகிவிடுகின்றன. மொழிச் சண்டை போடுகிறவர்கள் ஒருநாள் இதைத் தடவிப் பார்க்க வேண்டும்.

லூயி பிரெயில் மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திக் கண்ணை இழந்தவர். தன் எழுத்தை உருவாக்கியபோது வயது 15. அவர் படித்து, பிறகு பாடம் நடத்திய பள்ளியே கொஞ்ச காலம் அதற்குத் தடை போட்டது. மாணவர்கள் மறைவாகப் பழகினார்கள். பார்வையுள்ள ஆசிரியர்களால் படிக்க முடியாத எழுத்து மாணவர் கையில் இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ.

விரல் நுனி இன்னும் மக்கு. இரண்டு புள்ளியா மூன்றா என்று பிரிக்க முடியவில்லை.

மார்ச் 5

கோடு நடுவுக்கு வந்துவிட்டது.

ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும். இடப்பக்கத்துக் கம்பிகள் நேர். நடுக்கம்பியின் மேல்பாதி நேர். கோட்டைத் தொடும் இடத்தில் லேசாக உள்ளே வளைகிறது. தலையைச் சாய்த்தேன், வளைவு நகர்ந்தது. குமிழியின் விளிம்பு வளைப்பதா, ரெட்டினா சுருங்கி வளைவதா? குமிழியால் என்றால் கூடவே நகரும். நகர்ந்தது. மறுபடி பார்த்தபோது நகரவில்லை. விரலால் கம்பியைத் தடவினேன். சில்லென்று, நேராக இருந்தது.

அக்காவிடம் சொல்லவில்லை. இப்போது நான் தாண்டுகிறேன்.

மார்ச் 8

2013இல் மராகேஷ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். பார்வையற்றவர் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றப் பதிப்புரிமை தடையாக இருக்கக்கூடாது, நாடுகளுக்கிடையே அந்தப் பிரதிகள் போய்வரலாம் என்பது சாரம். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்குமுன்பே, 2012இலேயே அப்படி ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்ப் பதிப்பாளர்கள் அச்சுக்கு அனுப்பும் கோப்பை யூனிகோடில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாலே போதும், எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் மீதியைப் பார்த்துக்கொள்ளும். என் புத்தகங்களின் கோப்புகளைத் தேடி எடுத்து வைக்கும்படி பதிப்பாளருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்ற வேண்டும். மாற்றிவிடலாம்.

மார்ச் 9

வளைவு இருக்கிறது. அக்கா ஏழாம் பக்கத்தில் இருக்கிறாள், ஒன்றையும் விடாமல் வாசிக்கிறாள், நான்தான் கேட்கவில்லை.

மார்ச் 11

ஸ்கேன் வியாழக்கிழமை. இந்த முறை பெயர் கூப்பிட்டாலும் எழுந்திருக்கப்போவதில்லை, பதில் வாங்கிக்கொண்டுதான்