ஸ்பிட்ஃபயருக்கு எந்த கிரவுன்?

என் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்குப் பின் அச்சில் எந்த கிரவுன் பினியன் போட்டேன் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதாக எழுத ஆசைதான். (ஸ்பிட்ஃபயர் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியில் பெரியது கிரவுன், சிறியது பினியன்.) உண்மையில் ஒருவரும் கேட்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது கேட்பதெல்லாம் "இது என்ன வண்டி?", "எவ்வளவு கொடுக்கும்?", "விலைக்குத் தருவீர்களா?" என்ற மூன்றுதான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. பழைய வண்டியைக் கண்காட்சிக்கு வைக்காமல் தினமும் ஓட்டுகிறவர் இன்னொருவர் எங்காவது இருந்தால் அவருக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

வண்டி மார்க் 3, 1296 சி.சி. எஞ்சின். 1967 முதல் 1970 வரை கோவென்ட்ரியில் செய்யப்பட்ட ரகம். வேலூர் பாகாயத்திலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு நான் வேலைக்குப் போவது இதில்தான். ஊருக்குள் கோட்டையைச் சுற்றி, சி.எம்.சி. மருத்துவமனை வாசலைக் கடந்து, கிரீன் சர்க்கிளில் நின்று, அதன்பிறகு சத்துவாச்சாரி, ரத்தினகிரி, மேல்விஷாரம் என்று நெடுஞ்சாலையில் ஓடி, ஆற்காட்டில் பாலாற்றைத் தாண்ட வேண்டும். பாதித் தூரம் நடை வேகம், மீதித் தூரம் 80 கிலோமீட்டர் வேகம்.

வாங்கிய நாளிலிருந்தே 80-ஐத் தொட்டால் வண்டி அலறியது. எஞ்சினைக் குறை சொல்ல முடியவில்லை, கம்ப்ரெஷன் நான்கு சிலிண்டரிலும் சரியாக இருந்தது. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் உற்சாகமாக இருந்தது. உண்மையில் 50 மைல் வேகத்தில் போகும்போது அது 59-ஐக் காட்டியது. எனக்கு முன்னால் வைத்திருந்த சென்னைக்காரர், வண்டி நல்ல மைலேஜ் கொடுப்பதாகச் சத்தியம் செய்து விற்றார். பொய் சொல்லவில்லை பாவம். தூரத்தைக் காட்டும் எண்ணும் அதே கேபிளில்தான் ஓடுகிறது. நூறு மைல் போனால் நூற்றுப் பதினெட்டு எழுதும் வண்டி நல்ல மைலேஜ் கொடுக்காமல் என்ன செய்யும்?

கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்துதான் ஸ்பீடோமீட்டருக்கு ஓட்டம் போகிறது. அது அளவுக்கு மேல் சுற்றுகிறது என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் பற்கள் மாறியிருக்க வேண்டும். தோட்டப்பாளையத்தில் என் மெக்கானிக் பாயிடம் சொன்னேன். "திறக்க வேண்டாம், எண்ணிப் பார்ப்போம்" என்றார்.

எண்ணுவது இப்படி. ஒரு பின்சக்கரம் தரையில் அசையாமல் கட்டை வைத்து இருக்க வேண்டும், மற்றதை ஜாக்கியில் தூக்க வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்க வேண்டும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, கியர்பாக்ஸிலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பின் அச்சில் வந்து சேரும் பிளேஞ்சில் ஒரு கோடு. பாயின் பையன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான், நான் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு சக்கரம் நிற்கும்போது, கிரவுனைச் சுமந்து இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றுதான் சுற்றும் என்பதால் சக்கரத்தின் இருபது சுற்றுக்குக் கிரவுன் பத்துச் சுற்று. அடியிலிருந்து பையன் உரக்க எண்ணிக்கொண்டே வந்தான். இந்த வண்டிக்கு உரிய பற்களாக இருந்தால் நாற்பத்தொன்றில் நிற்க வேண்டிய எண்ணிக்கை நாற்பத்தெட்டைத் தாண்டி முக்கால் சுற்றில் நின்றது.

48.75-ஐப் பத்தால் வகுத்தால் 4.875. அதாவது கிரவுன் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.875 முறை சுற்ற வேண்டும். கிரவுனில் 39 பல், பினியனில் 8. இது ஸ்பிட்ஃபயரின் எண்ணே இல்லை, ட்ரையம்பின் இன்னொரு காரான 948 சி.சி. ஹெரால்டின் எண். பாய் சிரித்தார். ஊரில் ஹெரால்டுகள் ஓடிய காலத்தில் சிறுவனாக ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர் அவர். ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் சேசிஸிலிருந்து பிறந்த வண்டி. ஹெரால்டோ வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 948 சி.சி. எஞ்சினோடு செய்யப்பட்டது, கடைசி வரை நம் நாட்டில் அதற்கு வேறு எஞ்சின் வரவில்லை. என்றோ ஒருநாள் இந்த வண்டியின் டிஃபரன்ஷியல் இரைந்திருக்கிறது, புதுப்பேட்டையில் கைக்குக் கிடைத்த ஹெரால்டு யூனிட்டை யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அப்படியே போல்ட் துளைகள் பொருந்தும். குற்றம் சொல்ல மாட்டேன், வண்டி ஓடத்தானே செய்தது.

ஆக, மாற்ற வேண்டும். எதற்கு மாற்றுவது என்பதுதான் பஞ்சாயத்து.

ட்ரையம்ப் இந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த எண்கள் எனக்குப் பயன்படக்கூடியவை மூன்று. மார்க் 3 வரை ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டு 1200-க்கும் 4.11, அதாவது 37-க்கு 9. அடுத்து வந்த மார்க் 4-க்கு 3.89, அதாவது 35-க்கு 9. கடைசியாக வந்த 1500-க்கு 3.63, அதாவது 29-க்கு 8. (ஒவ்வொரு ஜோடியும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுஎண் இல்லாத எண்களாகவே இருப்பதைக் கவனியுங்கள். ஒரே பல் ஒரே பல்லோடு ஒவ்வொரு சுற்றிலும் மோதாமல், எல்லாப் பற்களும் எல்லாவற்றோடும் முறை வைத்துச் சேர்ந்து சமமாகத் தேய வேண்டும் என்பதற்காகத்தான்.)

தெருவில் வண்டியைத் தள்ளி, டயரின் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று டேப் வைத்து அளந்தேன். பழைய வேகன் ஆருக்கு வந்த அதே 145/80 பதின்மூன்று அங்குல டயர், என் எடையோடு 1 மீட்டர் 72 சென்டிமீட்டர். மிச்சமெல்லாம் பெருக்கல். டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று, அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் என்பதால் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுற்றுவது 4.875-இல் நிமிடத்துக்கு சுமார் 3,780 முறை, 4.11-இல் 3,190, 3.89-இல் 3,015, 3.63-இல் 2,810. நூறில் போனால் 4.875 என்னை 4,700-க்கு மேல் கொண்டு போய்விடும். மூன்றே மெயின் பேரிங்கில் நிற்கும் எஞ்சினை மே மாத வேலூர் வெயிலில் அந்தச் சுற்றில் அரை மணி நேரம் வைத்திருக்க எனக்கு மனம் வராது.

இதைப் பார்த்தவுடன் எவருக்கும் 3.63 மேல்தான் கண் போகும். எனக்கும் போனது. நெடுஞ்சாலையில் சொகுசு, பெட்ரோல் மிச்சம். லாரிக்காரர்களின் கணக்கும் அதுதானே: மலைக்குப் போகும் வண்டிக்குப் பெரிய எண், நெடுஞ்சாலை வண்டிக்குச் சின்ன எண். ஆனால் என் வண்டி இரண்டுக்கும் போகிறது. அதோடு லாரிக்கு இல்லாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது: கியர்பாக்ஸில் மொத்தமே நான்கு கியர், அதில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (ஓட்டத்திலேயே கியர் சிக்கலில்லாமல் விழ வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்க வேண்டுமானால் இரட்டை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, குலதெய்வத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் நடைமுறையில் இரண்டாவது கியர்தான் என் கடைசிக் கியர். நின்று கிளம்ப மட்டுமே முதல் கியர்.

இந்த ஒன்று புரிந்த பிறகு நான் டாப் கியர்க் கணக்கை ஓரமாக வைத்துவிட்டேன். 80-இல் சில நூறு சுற்று கூடினால் காது வலிக்கும், அவ்வளவுதான். இரண்டாவது கியரில் இழுவை போதாவிட்டால் வண்டி நின்றுவிடும்.

ஏலகிரிக்கு வருகிறேன். வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில் ஏறத் தொடங்கினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். உள்பக்கமாகத் திரும்பும்போது 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது, எதிரில் பஸ் வந்தால் அதுவும் இல்லை. இரண்டாவது கியரின் விகிதம் 2.16. அதே 20-இல் 4.875 இருந்தால் எஞ்சின் இரண்டாயிரத்தைத் தாண்டிச் சுற்றும், 4.11-இல் 1,720 சுற்றும், 3.63-இல் 1,520-க்கு இறங்கிவிடும். இந்த எஞ்சினின் முழு இழுவை வருவதே 4,000-இல். 1,500-இல் அது முனகத்தான் செய்யும், ஏறாது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பெயரால் ஒரு வளைவு இருக்கிறது. 3.63-ஐப் போட்டுக்கொண்டு போனால் நானும் அங்கேயே வண்டியை விட்டுவிட்டு நடந்துவர வேண்டியதுதான், பின்னால் வரும் பஸ்காரர் என்னை வள்ளல் என்று நினைக்க மாட்டார் என்பது மட்டும் வித்தியாசம்.

மலை எப்போதாவது, ஊர் தினமும். சி.எம்.சி. வாசலில் காலை நேரத்து வேகம் என்பது ஆட்டோக்களும் நோயாளிகளின் உறவினர்களும் கொடுக்கிற வேகம், மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். முதல் கியரில் எஞ்சின் ஆயிரம் சுற்று சுற்றும்போது 4.875-இல் வண்டி 5.6 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். கிளட்சை முழுதாக விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். இந்த ஒரு விஷயத்தில் ஹெரால்டின் பற்களை நான் மெச்சத்தான் வேண்டும். 4.11-இல் அது 6.7, 3.63-இல் 7.6. கடைசியதில் கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்ட வேண்டிவரும், பிளேட் எத்தனை நாள் தாங்கும்? 1500 வண்டிக்கு அந்த எண் சரி. அதன் எஞ்சின் 1493 சி.சி., பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் நீளம், கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும். எஞ்சின் மாற்றாமல் அதன் பற்களை மட்டும் கடன் வாங்குவதில் அர்த்தம் இல்லை.

நடுவில் இருக்கும் 3.89? சமரசம் என்று பலரும் பரிந்துரைப்பது இதைத்தான், கேட்கவும் நியாயமாக இருக்கும். 80-இல் 4.11-ஐ விட 170 சுற்று குறைகிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த 170-க்காக எல்லாக் கியரிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு இழுவையைக் கொடுக்க வேண்டும். ட்ரையம்பே மார்க் 4-க்கு இதைப் போட்டபோது, உடலும் கனத்துவிட்டதால் புது வண்டி பழையதைவிட மந்தமாகத்தான் ஓடியது. அதுவும் போக, மார்க் 4-இல் பின் ஸ்பிரிங் அமைப்பையே மாற்றினார்கள். இந்த வண்டிகளில் குறுக்கே போகும் லீஃப் ஸ்பிரிங் டிஃபரன்ஷியல் தலைமேல் உட்கார்ந்திருக்கும். என்னுடையதில் அதைப் பிடிக்க ஆறு ஸ்டட், மார்க் 4-இல் நான்கு. முழு யூனிட்டாக வாங்கினால் அந்தத் தலைவலியையும் சேர்த்து வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குத் தோன்றிய ஒன்றை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். டயரும் ஒரு கியர்தான். 145/80-க்குப் பதில் ஹூண்டாய் ஐ10-க்கு வந்த 155/80 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் மூன்று சதவீதம் கூடும். 4.11-ஓடு சேர்த்தால் 4.0 போட்டதற்குச் சமம். 80-இல் 3,100 சுற்று. அதாவது 3.89 தருவதில் பாதியை, டயர் தேயும்போது எப்படியும் செலவழிக்கப்போகும் பணத்திலேயே வாங்கிவிடலாம். பிடிக்காவிட்டால் பழைய அளவுக்கே திரும்பலாம். கிரவுனைத் திரும்ப மாற்ற யாருக்குத் தெம்பு இருக்கிறது?

நெடுஞ்சாலைக்கு உண்மையான மருந்து ஓவர்டிரைவ். அது டாப் கியரை 0.8 ஆக்கும், தேவைப்படும்போது சுவிட்சைத் தட்டினால் போதும், 4.11 அப்படியே 3.3 ஆகிவிடும். 80-இல் சுமார் 2,550 சுற்று. இரண்டாவது கியரையும் தொடாது. ஆனால் அதோடு கூடிய கியர்பாக்ஸின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் பேச்சை எடுக்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

எனவே 4.11. கோவென்ட்ரியில் வேலை பார்க்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது கிரவுனையும் பினியனையும் பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்தான். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்று அவனுக்குப் பலமுறை சொல்லியிருந்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துத் தேய்த்துத்தான் தொழிற்சாலையில் பொருத்துவார்கள், ஒன்றின் கிரவுனும் இன்னொன்றின் பினியனும் சேர்ந்தால் ஆயுள் முழுக்க ஊளையிடும்.

பொருத்துவதில் பாய் காட்டிய பொறுமையை நான் எதிர்பார்க்கவில்லை. பற்களில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலப் பசையைத் தடவிக் கையால் சுற்றினார். பினியன் பட்ட இடத்தில் நீலம் விலகிப் பல்லின் அடிப்பக்கம் பளிச்சென்று ஒரு தடம் தெரிந்தது. "இறங்கி உட்கார்ந்திருக்கிறது" என்று சொல்லிக் கழற்றினார். பினியனுக்கு அடியிலிருந்த ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றி மறுபடி பூட்டி, மறுபடி நீலம். தடம் பல்லின் நடுவுக்கு நகர்ந்து வரும் வரை இதேதான். அதன்பின் டயல் கேஜை வைத்துக் கிரவுனை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். முள் நான்கு தவ்விலிருந்து (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆறு தவ்வுக்குள் நிற்க வேண்டும், ஐந்தில் நின்றது. "இனி இரைந்தால் என்னைக் கேளுங்கள்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். டீ கூட அதற்கு அப்புறம்தான்.

இப்போது ஸ்பீடோமீட்டர் உண்மை பேசுகிறது. அதன் விளைவாக மைலேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக நோட்டுப்புத்தகம் காட்டுகிறது, என் மனைவி இதை ஒரு முன்னேற்றமாக ஒப்புக்கொள்ள மறுக்கிறார். ரத்தினகிரி பக்கம் 80-இல் போகும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது. சி.எம்.சி. வாசலில் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கிளட்ச் மிதிக்கிறேன், அது கொடுக்க வேண்டிய விலைதான். ஏலகிரியில் எல்லா வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே ஏறினேன், பஸ்ஸுக்கு வழிவிட முழுதாக நின்ற ஓர் இடத்தைத் தவிர.

இன்னொரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் 3.9 வேறு எஞ்சினுக்கும் வேறு டயருக்கும் சேர்த்து வைத்தது. உங்கள் டயரை அளந்து, உங்கள் இரண்டாவது கியர் விகிதத்தோடு பெருக்கி, நீங்கள் ஏறும் மிக மோசமான வளைவின் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் இருக்கும் என்று முதலில் பாருங்கள். புதுப் பற்கள் என்பதால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் டிஃபரன்ஷியலில் உள்ள 90 கியர் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றச் சொல்லியிருக்கிறார் பாய். வடித்த ஆயிலில் மினுமினுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் 155 டயருக்குப் பணம் எடுப்பேன்.