கொடைக்கானல் குளிரில் ஆறு பிரெஞ்சு ஒயின்

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் ஒருவர் வரி கட்டாமல் 2 லிட்டர் மதுதான் கொண்டுவர முடியும். பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் இருக்கும் சித்தப்பா மகனும் அவன் மனைவியும் பொங்கலுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் முதலில் போட்ட கணக்கு இதுதான்: 750 மில்லி பாட்டில் இரண்டு, 500 மில்லி பாட்டில் ஒன்று, கூட்டினால் சரியாக 2 லிட்டர். ஆள் இரண்டு, அப்போது பாட்டில் ஆறு. எந்த ஆறு என்பதற்கு மட்டும் வாட்ஸ்அப்பில் இரண்டு வாரம் பேசினோம். நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று, எந்தப் பாட்டிலும் 12 யூரோவைத் தாண்டக் கூடாது, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 1200 ரூபாய். பேர்போன பாட்டிலைக் குடித்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. அங்கே மாதச் சம்பளக்காரர்கள் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியோடு சேர்த்துக் கூடையில் போடுகிறார்களே, அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும்.

எனக்கு இதில் அக்கறை வந்தது காபியால். தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது, நடுநடுவே சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி. பறித்து, காயவைத்து, வறுத்து, ஸ்பூனில் எடுத்து சர்ரென்று உறிஞ்சி மார்க் போடுவது பல வருடப் பழக்கம். 2015இல் உலக பாரிஸ்டா போட்டியில் ஆஸ்திரேலியாவுக்காக ஜெயித்த சாஷா செஸ்டிச், கார்போனிக் மாசரேஷன் என்ற முறையில் பதப்படுத்திய காபியைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார். பழத்தை உடைக்காமல் முழுசாக ஒரு டாங்கில் போட்டு, காற்றை வெளியேற்றி, கரியமில வாயுவை நிரப்பிப் புளிக்க விடுவது. அதற்கப்புறம் சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள்கூட டிரம்மை வாங்கி முயற்சி செய்ய ஆரம்பித்தார்கள், நானும் செய்தேன். ஆனால் அந்த முறை ஒயின்காரர்களுடையது, முக்கியமாக லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் போஜொலே வட்டாரத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. தாய்வீட்டைப் பார்க்காமல் எத்தனை நாள் டிரம்மை உருட்டுவது?

சரி, இடம் கொடைக்கானல், நாயுடுபுரத்தில் அக்கா வீடு. ஜனவரி ராத்திரி, வெளியே 8 டிகிரி. ருசி பார்க்க ஐந்து பேர்: நான், அக்கா, அத்தான், துலூஸிலிருந்து வந்த தம்பி, தம்பி மனைவி. அந்தப் பெண் புதுச்சேரிக் குடும்பம், படித்ததெல்லாம் பிரான்ஸில். காபிக்குப் போடுவது மாதிரி நூற்றுக்கு மார்க் போடலாம் என்றேன். “வேண்டாம் மாமா, எங்க ஸ்கூல்ல எல்லாத்துக்கும் இருபதுக்குத்தான் மார்க், அப்படியே போடலாம்” என்றாள். அவளே பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் எழுதி வைத்தாள், எந்த எண்ணில் எது என்று மற்ற நான்கு பேருக்கும் தெரியாது. முதல் ராத்திரி சிவப்பு மூன்று, மறுநாள் ராத்திரி இனிப்பு மூன்று. ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றினால் போதும் என்று பேசிக்கொண்டோம்.

சிவப்பு ஒயினை ‘ரூம் டெம்பரேச்சரில்’ குடிக்க வேண்டும் என்று எழுதுகிறார்களே, அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16லிருந்து 18 டிகிரி. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ அப்படி அறை கிடையாது. அங்கே மேசையில் வைத்த பாட்டிலைத் திறந்தால் முதலில் ஸ்பிரிட் வாடைதான் மூக்கில் ஏறும், ஃப்ரிட்ஜில் வைத்தாலோ வாசனை செத்துவிடும். மலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைத்தேன், ஆனால் அன்றைக்கு அக்கா வீட்டுக் கூடத்திலேயே 13 டிகிரிதான் இருந்தது. பாட்டில்களை அடுப்படித் திண்ணையில் அரை மணி நேரம் வைத்து எடுத்து வந்தோம்.

முதல் எண் ஊற்றியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நிறம் அவ்வளவு லேசு, கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிகிறது. மூக்கில் பிளம்ஸ், அப்புறம் நன்றாகக் கனிந்த மலைவாழைப்பழம். இந்த வாழைப்பழ வாசனை முழுப்பழமாகப் புளிக்க வைப்பதால் வருவது, என் டிரம்மைத் திறந்தபோதும் இதே வாசனையின் ஒரு சாயல் வந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது எனக்கு. போஜொலே வில்லாஜ், 7 யூரோ, கமே என்ற திராட்சை. தோலும் கொட்டையும் அதிகம் கசங்காததால் துவர்ப்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். நான் 14 போட்டேன். அத்தான் 11, “கலர் தண்ணி மாதிரி இருக்கு மாப்ளே, நிக்கலையே” என்றார். அவர் சொல்வதும் சரிதான், வாயில் விழுந்த உடனே ஓடிவிடுகிறது. ஆனால் குளிரக் குளிர நன்றாக இருக்கும் சிவப்பு இது ஒன்றுதான், இதை மட்டும் அடுப்படிக்கு எடுத்துப் போயிருக்கவே கூடாது.

இரண்டாம் எண்தான் அன்றைய ராத்திரியின் அதிசயம். மூக்கருகே கொண்டு போனதும் எனக்குக் களத்தில் காயும் மிளகு நினைவுக்கு வந்தது. வறுத்த மிளகு இல்லை, உலக்கையில் இடித்ததும் இல்லை, இரண்டு நாள் வெயில் கண்டு கறுக்க ஆரம்பித்த மிளகைக் கையால் அளையும்போது வருமே, அந்த வாசனை. உள்ளே கறுத்த நாவல்பழம். கோத் து ரோன், அதாவது ரோன் ஆற்றங்கரைச் சரக்கு, கிரெனாஷும் சிராவும் கலந்தது, 5.50 யூரோ, ஆறு பாட்டிலில் இதுதான் விலை குறைவு. மிளகு வாசனை வெறும் கற்பனை இல்லை. சிரா திராட்சைத் தோலில் ரொட்டண்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, நம் மிளகுக்கு மணம் கொடுப்பதும் அதேதான், 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். இன்னொரு விஷயமும் அப்போது தெரியவந்தது: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே மூக்குக்கு எட்டாது. நாங்கள் ஐந்து பேர். அத்தானுக்கு எட்டவில்லை! முப்பது வருடம் மிளகு வியாபாரம் பார்த்த மனிதர், கிளாஸைத் திருப்பித் திருப்பி மோந்து பார்த்துவிட்டு “பழ வாசனை மட்டும்தான் வருது” என்கிறார். என் மார்க் 16, அக்கா 16, தம்பி 15.

மூன்றாம் எண் போர்தோ வட்டாரத்துச் சரக்கு, 6.50 யூரோ, மெர்லோ திராட்சை அதிகம் உள்ள கலவை. லேபிளில் கோட்டைப் படம், ‘கிராண்ட் வின்’ என்று தங்க எழுத்து. தம்பி மனைவி அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள், அந்த வார்த்தைக்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாதாம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்ற வரி இருந்தால் அதற்காவது அர்த்தம் உண்டு, இதில் அது இல்லை. கடுக்காயைக் கடித்த மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. நான் 10 போட்டேன். அப்புறம் அக்கா மட்டன் சுக்கா கொண்டுவந்து வைத்தாள், ஒரு துண்டு மென்றுவிட்டு அதே கிளாஸை மறுபடி எடுத்தால் கடுக்காய் எங்கேயோ போய்விட்டது, காய்ந்த திராட்சையும் கொஞ்சம் மரத்தூள் வாசனையும் மட்டும் மிச்சம். ஒயினில் இருக்கும் துவர்ப்புப் பொருள் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டுவதால்தான் வாய் வறளுகிறது, கறியின் புரதமும் கொழுப்பும் வந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். 12ஆக உயர்த்தினேன், அதற்கு மேல் மனசு வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சிவப்பு ஒயினைப் பற்றி இங்கிலீஷில் படிக்கும்போதெல்லாம் அந்தத் துவர்ப்புப் பொருளை டானின், டானின் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள், தேயிலையை யோசித்துப் பாருங்கள், வால்நட் தோலை யோசித்துப் பாருங்கள் என்று சுற்றி வளைக்கிறார்கள். நமக்கு எதற்கு விளக்கம்? அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பூவின் துவர்ப்பு வேறு, பிஞ்சு மாதுளையின் துவர்ப்பு வேறு, கடுக்காயின் துவர்ப்பு வேறு என்று எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அன்றைக்கு நாங்கள் பேச்சை அப்படியே மாற்றிக்கொண்டோம்: போஜொலே வெள்ளரிப் பிஞ்சு அளவு, ரோன் நாவல்பழம், போர்தோ கடுக்காய். அதற்கப்புறம் ஐந்து பேருக்கும் மார்க் போடுவதில் சண்டையே வரவில்லை.

மறுநாள் இனிப்பு. இவை 8லிருந்து 10 டிகிரியில் இருக்க வேண்டும், அதனால் பாட்டில்களை ராத்திரி ஜன்னல் திட்டில் வெளியே வைத்தோம், அவ்வளவுதான் வேலை.

முதலில் மஸ்கட் த ரிவ்சால்ட், 8 யூரோ. மூடியைத் திறந்ததுமே அக்கா “கம்பம் திராட்சை!” என்றாள். அச்சு அசல் அதே வாசனை, பன்னீர் திராட்சைக் கூடையைத் திறந்து வைத்தது மாதிரி. அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் தாய் தகப்பனில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. ரிவ்சால்ட் பாட்டிலில் இருக்கும் திராட்சைகளில் ஒன்றும் அதே அலெக்ஸாண்ட்ரியாதான். நம் மலைக்குத் தெற்கே கீழே இறங்கினால் கிடைக்கும் பழத்தின் ரத்த சொந்தம், துலூஸ் வழியாக விமானம் ஏறி வந்திருக்கிறது. ஆனால் ஒயினாக மார்க் போட வேண்டுமென்றால் 13தான் போட முடியும். இனிப்பு தூக்கலாக இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்கும் புளிப்பு இல்லை. புளித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஸ்பிரிட்டைச் சேர்த்து நிறுத்திவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது, ஆல்கஹாலும் 15 சதவீதத்துக்கு மேல். இரண்டாவது மடக்குக்கு யாருக்கும் கை நீளவில்லை.

அடுத்தது லூப்பியாக். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

சொதெர்ன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், போர்தோ பக்கத்து இனிப்பு ஒயின்களுக்குப் போட்ட 1855 தரவரிசையில் ஷாத்தோ தி’கெம் என்ற ஒரே ஒரு தோட்டத்தைத் தனியாக எல்லோருக்கும் மேலே வைத்தார்களே, அந்த ஊர். அங்கே ஒரு கொடியிலிருந்து ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும் என்பார்கள். காரணம் பூஞ்சை. சிரோன் என்ற சின்ன ஆறு குளிர்ந்த தண்ணீரோடு வந்து கரோன் ஆற்றில் கலக்கிறது, இலையுதிர் காலத்தில் அதிகாலையில் அதனால் மூடுபனி, மத்தியானம் வெயில். அந்தப் பனியில் பொட்ரிடிஸ் என்ற பூஞ்சை திராட்சைத் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடுகிறது, வெயில் வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் பழம் சுருங்கி, இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே கெட்டியாகின்றன. எல்லாக் குலையும் ஒரே நாளில் தயாராகாது, ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து பூத்த பழத்தை மட்டும் பொறுக்க வேண்டும். ஸ்ட்ராபெரியிலும் கார்னேஷன் பூவிலும் சாம்பல் பூத்து நம் மலை விவசாயியை அழ வைப்பதும் இதே பொட்ரிடிஸ்தான். ஜனவரியில் பனி இறங்கிக் களத்தில் காபி காயாமல் பூஞ்சை வாடை ஏறும்போது நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதே பனியை, அதே பூஞ்சையை வைத்து ஒரு ஊர் பிழைக்கிறது என்று படித்த நாளிலிருந்து இதைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

லூப்பியாக் அந்த ஊருக்கு எதிர்க்கரை. அதே ஆற்றுப் பனி, அதே செமியோன் திராட்சை, பெயர் மட்டும் வேறு, அதனால் விலை 11 யூரோ. சொதெர்னில் இந்தக் காசுக்கு நல்லதாக ஒன்று அமைவது கஷ்டம்.

தேங்காய் எண்ணெய் வெயிலில் மின்னுமே, அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த மஞ்சள். கிளாஸைச் சாய்த்தால் ஓரத்தில் மெதுவாக வழிகிறது. குடிக்கவே மாட்டாத அம்மா, நாங்கள் பண்ணுகிற ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துவிட்டு விரலை மட்டும் கிளாஸில் தொட்டு நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் “கொம்புத்தேன்ல நாரத்தங்காய் பிழிஞ்சு, லேசா குங்குமப்பூ போட்டாப்ல இருக்கு” என்றாள். நான் நோட்டில் எழுதி வைத்திருந்த நான்கு வரியை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டேன். இனிப்பு வந்து, பின்னாலேயே புளிப்பு வந்து வாயைக் கழுவிவிட்டுப் போகிறது, அதனால் திகட்டுவதே இல்லை. 18. ஐந்து பேரும் 17க்குக் கீழே இறங்கவில்லை.

இதோடு பொங்கலுக்குச் சுட்ட அதிரசத்தை வைத்துச் சாப்பிட்டது தப்பு. பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் புளியாகத் தெரிகிறது. அதே ஒயினை உப்பு போட்டு வறுத்த முந்திரியோடும், இங்கே செய்கிற சீஸோடும் சாப்பிட்டோம், அதுதான் ஜோடி.

கடைசியாக பன்யூல்ஸ், 12 யூரோ, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய கடலோரச் சரிவில் கல்லடுக்கி வரப்பு கட்டின நிலத்தில் விளைகிற கிரெனாஷ். தம்பி போனில் படம் காட்டினான், எங்கள் பாட்டன் கட்டின கல்வரப்புகளைப் பார்த்தது போலவே இருந்தது. இதுவும் ஸ்பிரிட் சேர்த்து நிறுத்தியதுதான், ஆனால் மரப்பீப்பாயில் காற்றுபட வருடக்கணக்கில் வைத்தது. நிறம் இரண்டாவது டிக்காஷன். வாயில் காய்ந்த அத்திப்பழம், கருப்பட்டி, கடைசியில் நன்றாக வறுத்த காபிக்கொட்டை. கொடைக்கானல் கடைகளில் கையால் செய்து விற்கிற சாக்லேட்டில் கறுப்பு வகையை ஒரு துண்டு கடித்துக்கொண்டு இதைக் குடித்துப் பாருங்கள், சாக்லேட்டோடு சிவப்பு ஒயின் சேராது என்று சொல்பவர்கள் இதைக் குடித்திருக்க மாட்டார்கள். 16.5, அத்தான் மட்டும் 18 கொடுத்து, மிளகில் விட்டதை இதில் பிடித்துவிட்டார்.

இனிமேல் சின்னக் காசுக்கு பிரெஞ்சுச் சிவப்பு என்றால் ரோன்தான் கேட்பேன், இனிப்பு என்றால் பேர்போன ஊரின் எதிர்க்கரையை. போர்தோ அந்த விலையில் எனக்கு வேண்டாம். அடுத்த தடவைக்குத் தம்பியிடம் சொல்லி வைத்திருப்பது: மால்பெக் திராட்சையில் செய்கிற கஹோர் ஒன்று, லுவார் ஆற்றுப் பக்கத்து கோதோ து லேயோன் ஒன்று, லூப்பியாக் இரண்டு.

லூப்பியாக் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. பன்யூல்ஸ் ஏற்கெனவே காற்றுபட்டுப் பழகினது, திறந்து வைத்தாலும் வாரக்கணக்கில் தாங்கும், அதனால் தம்பி கிளம்பும்போது மிச்சத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். தாண்டிக்குடி வீட்டு அலமாரியில் இன்னும் நாலு விரல்கடை இருக்கிறது. இந்த வாரம் பறிப்பு முடிகிறது, கடைசி மூட்டையைக் களத்தில் கொட்டினதும் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.