இரவு 11.35க்கு வந்த பெர்லின் செய்தி

1989 நவம்பர் 9. அயோத்தியில் அன்றுதான் ராமர் கோயிலுக்கு அடிக்கல் நாட்டும் சிலான்யாஸ் நடந்தது. மக்களவைத் தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. இந்தியப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வெளிநாட்டுச் செய்திக்கு இடம் கிடைப்பதே அரிது.

கிழக்கு பெர்லினில் மாலை 6 மணிக்குத் தொடங்கிய செய்தியாளர் கூட்டம் முடியும் தறுவாயில், 6.53 மணிக்கு, ஆளும் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் உறுப்பினர் குந்தர் ஷபோவ்ஸ்கி கையிலிருந்த தாளைப் பார்த்து, கிழக்கு ஜெர்மானியர்கள் வெளிநாடு செல்வதற்கான புதிய பயண விதியை அறிவித்தார். மறுநாள் அதிகாலை 4 மணிக்குத்தான் அது வெளியாகியிருக்க வேண்டும். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்றும் அந்தத் தாளில் இருந்தது. பரபரப்பில் அது அமுங்கிவிட்டது. 7.05க்கு ஏபி செய்தி நிறுவனம் ‘கிழக்கு ஜெர்மனி எல்லைகளைத் திறக்கிறது’ என்று அனுப்பியது.

பெர்லினின் குளிர்கால நேரத்தோடு நாலரை மணி கூட்டினால் இந்திய நேரம். ஆக, இங்கே 11.35. நகரப் பதிப்பை முடிக்கும் பரபரப்பான வேளை. பெர்லினை இரண்டாகப் பிரித்த சுவரில், போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் காவலர்கள் தடுப்பை முழுவதுமாகத் திறந்தது அங்கே இரவு 11.30 வாக்கில், அதாவது நமக்கு விடிகாலை 4 மணி. அதற்குள் பத்திரிகைக் கட்டுகள் வண்டி ஏறியிருக்கும். எனவே 10ஆம் தேதி இதழில் நியாயமாகப் போடக்கூடியது அறிவிப்பு மட்டுமே. சுவர் திறந்துவிட்டது என்று தலைப்பிட்டிருந்தால் அது காலையில் மெய்யாகியிருக்கும். ஆனால் அச்சேறிய நேரத்தில் அது வெறும் ஊகம். மக்கள் சுவர்மேல் ஏறி நிற்கும் படத்துக்கு 11ஆம் தேதிவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

செய்தி நிகழ்வை முந்தியது அங்கேயும் நடந்தது. சுவரின் வாயில்கள் அகலத் திறந்திருப்பதாக மேற்கு ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி இரவு 10.42க்குச் சொன்னபோது வாயில்கள் அப்படித் திறந்திருக்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டம் பெருகப் பெருகக் காவலர்களுக்கு வேறு வழியில்லாமல் போனது. எட்டு நாள் கழித்து, செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகில் ஒரு மாணவர் போலீஸ் தாக்குதலில் இறந்தார் என்ற செய்தி பரவி ஊரே கொதித்தது. அப்படி யாரும் இறக்கவில்லை. ஆனால் அடிபட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அந்தக் கோபத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

டிசம்பரில் நடந்த ருமேனியக் கிளர்ச்சிதான் கடினமான பாடம். வெளிநாட்டு நிருபர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அந்நாட்டு நகரான திமிஷோவாராவில் 4,000க்கு மேல் சாவு என்ற கணக்கு கிழக்கு ஜெர்மனி, ஹங்கேரி, யுகோஸ்லாவியா வழியாக வந்தது. மூன்று ஊடகங்கள் ஒரே எண்ணைச் சொன்னால் உறுதியானது போலத் தோன்றும். அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டுகின்றனவா என்று பார்த்தால்தான் மூலம் ஒன்றுதான் என்பது புரியும். கல்லறையிலிருந்து தோண்டிக் காட்டப்பட்ட உடல்களில் பல, முன்பே நோயால் இறந்த ஏழைகளுடையவை. பிற்பாடு நாடு முழுவதற்கும் தேறிய கணக்கே சுமார் 1,100. அவர்களிலும் பெரும்பாலோர் டிசம்பர் 22 அன்று ஆட்சியாளர் சௌசெஸ்கு தப்பியோடிய பிறகு இறந்தவர்கள்.

இத்தகைய எண்ணை எடுத்துப் போடும்போது, யார் சொன்னது என்பதை அதே வாக்கியத்தில் எழுத வேண்டும். கடைசிப் பத்தியில் ‘இதை உறுதிப்படுத்த முடியவில்லை’ என்று சேர்ப்பது போதாது. பக்கம் கட்டும்போது இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்தக் கடைசிப் பத்திதான்.