எட்டுப் பலகையும் ஒரு மாமனாரும்

வண்டியின் பின்பக்கப் பாடியில் ஏறி நின்று ஒரு மூட்டையைத் தூக்கினேன். மூட்டை மேலே வந்தது, நான் கீழே போனேன். வலது கால் பலகையைப் பொத்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"வண்டி மேலதான்."

"கால் மட்டும் கீழ தொங்குது?"

வண்டி 1953ஆம் வருட செவ்ரோலே 3100. அரை டன் பிக்கப். முன்பக்கம் பார்த்தால் ராஜகளை. பின்னால் லோடு ஏற்றும் தரை முழுக்க மரம். ஆறரை அடி நீளத்தில் எட்டுப் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இரும்புப் பட்டை ஓடும். ஏற்றுகிற சாமான் அந்தப் பட்டைமேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், மரம் தேயாது. ஒரு பலகை போனால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம் என்பதுதான் கணக்கு. என் வண்டியில் எந்தப் பலகை போகவில்லை என்று தேடவேண்டியிருந்தது.

"ஒரு சனி, ஞாயிறு. எட்டுப் பலகைதானே" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் பேசாமல் தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். மாமனார் நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். மறுநாள் காலை இழைப்புளியோடு வந்து இறங்கினார், பத்து நாள் தங்குகிற பையோடு. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை பழைய போல்ட்களைக் கழற்றுவது. இந்த போல்ட்டுக்குத் தலை உருண்டை, கழுத்து சதுரம். சதுரக் கழுத்து பட்டையின் சதுர ஓட்டையில் பிடித்துக்கொள்ளும், கீழிருந்து நட்டைத் திருகலாம். யோசித்தவன் புத்திசாலி. ஆனால் எழுபது வருடத்தில் அந்தச் சதுர ஓட்டை துருவில் கரைந்து வட்டமாகிவிட்டால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. நான் கீழே படுத்து நட்டைத் திருப்பினால் மேலே போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது. உருண்டைத் தலையைப் பிடிக்கவும் வழியில்லை.

"மாமா, சுத்துதா?"

"சுத்துது மாப்ளே, அழகா சுத்துது."

போதாக்குறைக்கு நட்டு அரை இஞ்ச், என்னிடம் இருந்தது 13 எம்எம் ஸ்பானர். அரை இஞ்ச் என்றால் 12.7 எம்எம். இந்த 0.3 எம்எம் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். நாலாவது நட்டு முனை மழுங்கி முழு வட்டமானபோது வந்தது தெரிந்தது. அப்புறம் வேறு வழியில்லாமல் பெட்ரோல் டேங்க் பக்கம் பொறி போகாதபடி மறைத்துக்கொண்டு கிரைண்டரால் தலைகளை வரிசையாகச் சீவினோம். சனி, ஞாயிறு அதிலேயே போயிற்று. பலகையைத் தூக்கினால் அடியில் இருந்த குறுக்குச் சட்டங்களில் இரண்டு, விரலால் அழுத்தினாலே உதிர்கிற நிலையில் இருந்தன. அந்தக் கதையை விடுங்கள், அது அடுத்த இரண்டு வாரம்.

மரம் எடுப்பதில் ஒரு சின்ன யுத்தம். அந்தக் காலத்து வண்டிகளில் மஞ்சள் பைன் அதிகம் போட்டார்கள், அதையே போடலாம் என்றேன். ஓக் இருக்கும்போது பைன் எதற்கு என்றார் மாமனார். வண்டி என்னுடையது, இழைப்புளி அவருடையது. ஓக் வந்தது. ஒவ்வொரு பலகையின் முனையையும் பார்த்து, வளையம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று அரை மணி நேரம் ஆராய்ந்தார். மரம் காயும்போது அந்த வளையம் நிமிரப் பார்க்குமாம், அதற்கேற்பப் பலகை குழியுமாம். பொண்ணு பார்க்கப் போனபோது என்னைக்கூட அவர் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

இழைத்து முடித்ததும் கன்னம் வைத்துத் தூங்கலாம் போல இருந்தது பலகை. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. இன்னும் கொஞ்சம் வழவழப்பாக்கலாமே என்று, அவர் தூங்கும் நேரம் பார்த்து இரும்பு நாரால் எட்டையும் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, வெளியிலேயே அடுக்கிவைத்தேன். ராத்திரி நல்ல பனி.

காலையில் எட்டுப் பலகையிலும் கறுப்புப் புள்ளி. ஊதியும் போகாத இரும்புத் துகள், ஈரம், ஓக் மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், மூன்றும் சேர்ந்தால் கறுப்பு மை. சும்மா சொல்லவில்லை, பல நூறு வருடம் மனிதர்கள் எழுதிய மை இதே சங்கதிதான். மாமனார் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"மாப்ளே, பலகைக்கு அம்மை போட்டிருக்கு."

ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் தடவியதில் கறை போனது. கழுவி, காய்ந்து, மறுபடி லேசாக இழைத்தபோது என்னை இருபதடி தள்ளி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். போல்ட்டும் ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்று அப்போதே முடிவானது.

அடுத்து ஆளி விதை எண்ணெய். அடிப்பக்கம், முக்கியமாக வெட்டுமுனைகள், எல்லாவற்றுக்கும் கொடுத்தோம். தண்ணீர் முனை வழியாகத்தான் உறிஞ்சி ஏறும். துடைத்த துணிகளைச் சுருட்டிக் கூடையில் போடப் போனேன். "வீட்டைக் கொளுத்தப் போறீங்களா?" என்று ஒரு சத்தம். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், துணி குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் அழுக்குத் துணி ஒவ்வொன்றையும் விரித்துக் கொடியில் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "துவைக்காமலே காயப்போடுறீங்க?" என்று கேட்டார்.

பூட்டுகிற அன்று வம்பு எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் பெரிய போல்ட்டுக்குப் பலகையிலேயே ஓட்டை போட வேண்டும். பழைய பலகையை மேலே வைத்துக் குறித்தேன். அதன் முன்பக்கத்தைப் பின்பக்கமாக வைத்துக் குறித்தேன். ஓக்கில் அழகான ஓட்டை, அடியில் போல்ட் இல்லை. மாமனார் ஒன்றும் சொல்லாமல் வட்டமாக ஒரு கட்டை சீவி, ரேகை பார்த்து, அதில் அடைத்தார். இடம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வருகிறவர்களுக்கெல்லாம் அவரே இடம் சொல்கிறார்.

ஆக, ஒரு சனி, ஞாயிறு வேலை ஏழு வாரத்தில் முடிந்தது. வெயில் பட்டால் பலகை தேன் நிறத்தில் மின்னுகிறது. நடுவில் பட்டை பளபளவென்று ஓடுகிறது. செருப்போடு யாரும் ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று மனைவி பின்பக்கச் சுவரைக் காட்டினாள். உளுத்த பழைய பலகை எட்டும் அங்கேயே சாய்ந்து கிடக்கிறது, துருப்பிடித்த சட்டங்களோடு. "இதை எப்பக் கொண்டுபோய்ப் போடுவீங்க?"

வேலிப் பக்கம் போய், பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய பிக்கப்பை ஒரு மணி நேரம் தர முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற என் வண்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

சாவியைக் கொடுத்துவிட்டார், நல்ல மனிதர்.