பெயரை விட்டு நிலத்தைப் பிடித்து முன்னோரைத் தேடுதல்

கொங்கு நாட்டில் குடும்ப வரலாறு தேடத் தொடங்குபவர்களில் பலர் ஒரு பாட்டனாரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்திற்குப் போகிறார்கள். பெயரைப் பின்னுக்குத் தள்ளி, ஊரையும் நிலத்தையும் முதலில் உறுதி செய்துகொண்டு போக வேண்டும் என்பது என் கருத்து. பேரனுக்கு அப்பாருவின் பெயரை வைக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், சென்னியப்பன் மகன் நாச்சிமுத்து, நாச்சிமுத்து மகன் சென்னியப்பன் என்று இரண்டே பெயர்கள் நூறாண்டுக்கும் மேலாக மாறி மாறி வரும். அண்ணன் தம்பிகள் எல்லோரும் தங்கள் மூத்த மகனுக்கு அதே பெயரை வைத்திருந்தால், தந்தை பெயரைச் சேர்த்துப் பார்த்தாலும் ஆள் யாரென்று தெரியாது. காடும் தோட்டமும் அவ்வாறு குழப்புவதில்லை.

ஊர் எந்த நிர்வாகத்தின்கீழ் இருந்தது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதி இரண்டு பிரிவுகளாகக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சிக்கு வந்து, 1804இல் ஒரே மாவட்டமானது. ஆனால் நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய சேலம் பக்கத்து ஊர்கள் திப்புவுடன் செய்த 1792 உடன்படிக்கையிலேயே கும்பினியிடம் போய்விட்டதால், அங்கே ஆங்கிலேயர் காலப் பதிவுகள் ஏழாண்டுகள் முன்னதாகவே தொடங்குகின்றன. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் இருந்தது; கொள்ளேகால் 1956இல் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. எங்கள் காங்கயம் பகுதியோ 1979 வரை கோயம்புத்தூர், அதன்பின் ஈரோடு, 2009 முதல் திருப்பூர் என்று மாவட்டம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எனவே ஒரே ஊரின் தாள்கள் மூன்று மாவட்ட அலுவலகங்களிலும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் சிதறிக் கிடக்கலாம்.

இந்தக் காப்பகம் 1909இல் சென்னைப் பதிவகமாக அமைக்கப்பட்டது. நம் தேவைக்கு அங்கே முதலில் பார்க்க வேண்டியவை, ஊரின் நிலங்களுக்கு வரி நிர்ணயித்தபோது எழுதிய நிலவரித் திட்டப் பதிவேடுகள். இன்றைய பட்டாவில் உள்ள சர்வே எண்ணை அப்படியே கொண்டுபோய் அவற்றில் தேடக் கூடாது. 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் பெரிதும் மாறிவிட்டன. அந்தத் திட்டத்துக்கு முந்தைய அ பதிவேட்டை (ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் கணக்கை) பார்த்து, உட்பிரிவு எதிலிருந்து பிரிந்தது என்று அறிந்த பிறகே பின்னோக்கிப் போக முடியும். கணக்குகளில் ஆண்டு, ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்க் கணக்கு ஆண்டான பசலியில் இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1290 என்றால் 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை. ‘தாது வருசப் பஞ்சத்தில் பிழைக்க வந்த குடும்பம்’ என்று வீட்டில் சொல்லும் கதையை (தாது வருடம் 1876-77) இந்தக் கணக்குகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பல வீடுகளில் அந்தக் கதை பொய்யென்றும் தெரியவரும். அதற்குத் தயாராக இருப்பது நல்லது.

என் அனுபவத்தில், எழும்பூரைவிட அதிகம் கொடுத்தவை சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பத்திரங்களே. பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்தில் நகலெடுக்கப்படுகின்றன. அதற்கு ஆட்களின் பெயர்ப்படி ஓர் அட்டவணையும் சொத்தின்படி ஓர் அட்டவணையும் உண்டு. கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்தபின் அவற்றின் நகலை யாரும் கேட்டுப் பெறலாம். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று அண்மைக் காலத்துக்கே பயன்படும் என்பதால், அதற்கு முந்தையவற்றுக்கு நேரில் மனுக் கொடுத்துக் கைத்தேடல் செய்யச் சொல்ல வேண்டும்.

பத்திரம் கையில் கிடைத்ததும் எல்லோரும் விற்றவர், வாங்கியவர் பெயர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான் முதலில் படிப்பது செக்குபந்தியை. இன்னார் காட்டுக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு என்று எழுதப்பட்டிருக்கும் அந்த நான்கு எல்லைக்காரர்களில் இருவராவது பங்காளிகளாக இருப்பார்கள், ஏனென்றால் ஒரே பாட்டனின் பூமியைப் பாகம் பிரித்த துண்டுகள்தான் பெரும்பாலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லாத ஒரு கிளை, கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு பாத்தியம் என்ற ஒரு வரியிலிருந்துதான் வெளிப்பட்டது. மீதிப் பங்குகள் யாருடையவை என்று தேடிப் போனபோது இரண்டு அண்ணன் தம்பிகள் கிடைத்தார்கள். பாகப்பிரிவினை வழக்கு ஏதேனும் நடந்திருந்தால் அதைவிட நல்வாய்ப்பு இல்லை, வழக்குக் கட்டில் வம்சாவளியே வரைந்து இணைத்திருப்பார்கள். பங்காளிச் சண்டையால் வரலாற்றுக்கு நன்மையே விளைந்திருக்கிறது.

நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அக்காலத்தில் நூறு ரூபாய் பெருந்தொகை என்பதால் சிறு உழவர்களின் கைமாற்றங்கள் பல எழுத்திலேயே ஏறவில்லை. பட்டா நிலமே இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினம். அரசின் கணக்கில் கிஸ்து (நிலவரி) கட்டாதவர் பெயரற்றவர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இனாம் (மானிய நில) பதிவேடுகள் உதவும். 1858இல் அமைந்த இனாம் ஆணையம் கோயில் பூசாரிகள், ஊர் ஊழியம் செய்தவர்கள் ஆகியோரின் மானியங்களை ஆராய்ந்தபோது, அனுபவிப்பவரின் வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பவற்றையும் கேட்டு எழுதியது. சில ஏக்கர் மானியம் வைத்திருந்த குடும்பத்துக்குக் கிடைக்கும் இந்தத் தலைமுறைத் தகவல், நூறு ஏக்கர் பட்டாதாரருக்கும் கிடைக்காது.

பெண்களைத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை வந்த பிறகு, விடுதலைப் பத்திரங்களிலும் பாகப் பத்திரங்களிலும் அவர்கள் பெயர் தவறாமல் வருகிறது. கையெழுத்து வாங்காமல் சொத்தை விற்க முடியாது என்பதே காரணம். அதற்கு முன்பு விதவையாகவோ மைனர் பிள்ளைகளின் கார்டியனாகவோ நின்றால்தான் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரைப் பத்திரத்தில் காண முடிகிறது. என் அப்பாவின் ஆத்தாவை நான் கண்டதும் அப்படி ஓர் அடமானப் பத்திரத்தில்தான். மைனர் மகனுக்காகக் கைநாட்டு வைத்த இடத்தில் தன் தகப்பனார் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம் இருப்பதால், அவர் பிறந்த வீட்டைத் தேட இனிச் சேலம் மாவட்டப் பழைய பதிவுகளுக்குத்தான் மனுப் போட வேண்டும்.