மீன் இல்லாத தொட்டிக்குக் காசு

வீடுகளில் மீன் தொட்டி அமைத்துக் கொடுத்து, பிறகு அதைப் பராமரிக்கவும் செய்யும் தொழிலில் இறங்கியபோது, கண்ணாடி ஒட்டவும் மோட்டார் மாட்டவும் தெரிந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவை தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வேலையில் எனக்கு அதிகம் வியர்ப்பது, எல்லாம் மாட்டி முடித்தபின் "இன்றைக்கு மீன் விடக்கூடாது" என்று வீட்டுக்காரரிடம் சொல்லும்போதுதான்.

விளக்கு எரிகிறது, ஃபில்டர் ஓடுகிறது, நட்ட செடிகள் நீரோட்டத்தில் அசைகின்றன. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். "எல்லாம் முடிந்துவிட்டதே தம்பி, மீன் எங்கே?" என்பார் பெரியவர். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்றதும் அவர் முகம் சுருங்கிவிடும்.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறுகின்றன. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே மீனுக்கு ஆபத்து. மூன்றாவதை அவ்வப்போது தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருகத்தான் அத்தனை வாரம் தேவைப்படுகிறது. இதையெல்லாம் வரவேற்பறையில் நின்று பாடமாக நடத்த முடியாது. "சாக்கடை இணைப்பு வருவதற்கு முன்பே வீட்டில் குடியேறுவீர்களா சார்?" என்று கேட்பேன். பாதிப் பேருக்கு அது போதும்.

மீதிப் பேர், அன்றே மீன் விட்டுத் தரும் வேறொருவரைத் தேடிப் போய்விடுவார்கள். மீன் செத்தால் புதிய மீன் விற்கலாம்; அப்படியும் பிழைப்பு ஓடுகிறது, மறுக்கவில்லை. எனக்கு அதில் மனமில்லை. அதனால் காத்திருக்கும் வாரங்களையும் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுகிறேன். மீனே இல்லாத தொட்டிக்குள் துளி அம்மோனியாவோ சிட்டிகை உணவோ போட்டு, இடையிடையே வந்து தண்ணீரைச் சோதிப்பதற்கும் கட்டணம் உண்டு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தலைகாட்டினால்தான் முதல் மீன். நோயில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் இந்தக் காலம் குறையும்.

இடம் பார்க்கப் போகும்போது எனக்கு மீனைவிட எடைதான் கண்ணில் நிற்கும். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறத்தாழ 160 லிட்டர். தண்ணீர் மட்டுமே 160 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தொலைக்காட்சி அலமாரியின் மேல் வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நான் தொட்டியை இறக்குவதில்லை. வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம், பாசி பிடித்துவிடும்.

அமைத்துக் கொடுப்பதில் வருவது ஒருமுறை வரும் பணம். மாதாமாதம் வீட்டை நடத்துவது பராமரிப்புதான். அதில் ஒரு விசித்திரம்: வேலை ஒழுங்காக நடந்தால் தொட்டியில் எந்தப் பிரச்சினையும் தெரியாது. "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, இந்த மாதம் வர வேண்டாமே" என்று சொல்வார்கள். தெளிவான தண்ணீரிலும் நைட்ரேட் ஏறிக்கொண்டிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் சோதித்த அளவை எழுதி வைக்க, தொட்டிக்குக் கீழே ஒரு நோட்டு வைத்தேன். எண்கள் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தபின் அந்தப் பேச்சு குறைந்தது.

பராமரிப்புக்குப் போனதும் முதலில் ஹீட்டரை அணைப்பேன். நீர்மட்டம் இறங்கி, ஹீட்டரின் சூடான கண்ணாடி வெளியே தெரிந்தால் விரிசல் விட்டுவிடும். பிறகு சைஃபன் குழாயைக் கூழாங்கல்லுக்குள் அழுத்த வேண்டும். கல் குழாய்க்குள் பாதி உயரம் எழும்பிச் சுழலும். அதற்கடியில் ஒளிந்திருந்த பழுப்பு அழுக்கு புகைபோல் மேலேறி வாளிக்குப் போகும். தண்ணீர் தெளியும் நேரம் பார்த்துக் குழாயைத் தூக்கினால் கல் அங்கேயே விழும், அடுத்த இடத்துக்கு நகரலாம். கால் பங்கு தண்ணீர் இறங்கியதும் நிறுத்திவிட்டு, அந்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிவேன். "குழாயடியில் நன்றாக அலசக் கூடாதா? இன்னும் அழுக்காகத்தானே இருக்கிறது" என்பார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அத்தனை வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியாவை ஒரே அலசில் கொன்றுவிடும். புதிய தண்ணீரிலும் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுவேன். ஓரிரவு வாளியில் வைத்திருந்தால் போதும் என்பது பழைய வழக்கம். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீருக்கு அது உதவாது.

வலையும் குழாயும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி, அந்தந்த வீட்டிலேயே இருக்கும். ஈரமான வலையில் வெண்புள்ளி நோய் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், இரண்டு வாடிக்கையாளர்களும் என்னைத்தானே தேடுவார்கள்?

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் கேட்பவர்களிடம், அது ஓரடிக்கும் மேல் வளரும் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். வளர்ந்தபின் ஏரியில் விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது, வெளியிலிருந்து வந்த மீன் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். திருப்பி வாங்கிக்கொள்ள என்னிடமே ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. வருமானம் தராத தொட்டி அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பாசம். காலையில் தாத்தா, மாலையில் பேரன், இடையில் வேலைக்கு வரும் அக்கா என்று ஆளாளுக்கு உணவு போடுவார்கள். "வாயைத் திறந்து திறந்து கேட்கிறதே, பார்க்கப் பாவமாக இல்லையா?" என்றார் ஒரு பாட்டி. அது மூச்சுவிடுகிறது பாட்டி, செவுள் வழியாகத் தண்ணீரைத் தள்ளுகிறது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கடைசியில், மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் போட்டு வைக்கும் பெட்டி ஒன்றை வாங்கி, அறைக்கு ஒரு வேளை உணவாக நிரப்பி வைத்தேன். இன்றைய அறை காலியென்றால் இன்றைக்கு உணவு முடிந்தது. சண்டையும் முடிந்தது. இப்போது எல்லா வீட்டுக்கும் அந்தப் பெட்டியைத் தருகிறேன்.

ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியோடு உணவு டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நன்றாக வளர்ந்த ஆரோக்கியமான மீன் சில நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். பக்கத்து வீட்டுக்காரரின் தாராள மனதைத் தாங்காது. அதனால் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறேன். விடுமுறை நாட்களில் என் வண்டிப் பெட்டியில் கருவிகளை வைக்க இடம் இருப்பதில்லை.